இடக்கையால் எழுது, வலக்கையால் கொடு

அக்கா இடக்கையால் எழுதப் பழகிக்கொண்டிருந்தாள். நாற்பதை எட்டப்போகிறவள், யாழ்ப்பாணத்தில் ரீச்சராக இருந்தவள், லண்டன் வால்தம்ஸ்டோவில் அண்ணையின் வீட்டுக் குசினி மேசையில் இருந்து அரிவரிப் பிள்ளை மாதிரி ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக இழுத்தாள். நாக்கு நுனி வெளியே தெரிந்தது. எழுத்துகள் எல்லாம் குடித்துவிட்டு நடப்பவர்கள் மாதிரிப் பக்கவாட்டில் சரிந்தன.

1989 பெப்ரவரி. நான் பொலிடெக்னிக்கை இடையில் விட்டுவிட்டுப் பெற்றோல் ஸ்டேஷனில் நைற் ஷிப்ட் செய்த காலம். நான் வந்து படுக்கப் போகும் நேரத்தில்தான் அவளுடைய வகுப்பு தொடங்கும்.

"மச்சாள், எழுதுறது இடக்கை எண்டால் இனிக் கழுவுறது எந்தக் கை?" என்று பெர்னடெற் கேட்டாள். பெர்னடெற், றெஜினோல்ட் அண்ணையின் மனைவி. மன்னார்க்காரி, கத்தோலிக்கம். நாங்கள் புரட்டஸ்தாந்து. எங்களைச் சீண்டாத நாள் அவளுக்கு விடியாத நாள்.

"உனக்குத் தேத்தண்ணி ஊத்தித் தாற கை," என்றாள் அக்கா, தலை நிமிராமல். பிறகு என்னைப் பார்த்தாள். "தம்பி, நீ பிறவி இடக்கையன்தானே. கொப்பியை எந்தப் பக்கம் சரிச்சு வைக்கிறது?"

"அம்மா அகப்பைக் காம்பாலை அடிச்சு மாத்திப்போட்டா. எனக்கு ஞாபகமில்லை."

"யோசிச்சுப் பார்."

யோசித்தேன். கொப்பியின் மேல்மூலையை வலப்பக்கம் சரித்து வைத்தேன். அவள் எழுதிப் பார்த்தாள். கை தன் எழுத்தையே மறைக்காமல் கொஞ்சம் விலகியது. "ஆ," என்றாள். அவ்வளவுதான். அடுத்த வரியைத் தொடங்கிவிட்டாள்.

அவளுக்குப் பைத்தியம் இல்லை. அடுத்த கிழமை ஒரு விசாரணை இருந்தது. அதற்குத்தான் இந்த ஆயத்தம் என்று நாங்கள் நினைத்தோம். அவளைக் கேட்டால் விசாரணைக்கு இல்லை, ரூத்துக்கு என்பாள்.

அருள்மலர் அக்கா 84-இல் லண்டன் வந்தாள். ஊரில் பட்டதாரி ஆசிரியை, இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பு மாற்றினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போகும் தேவாலயத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு மிஷன் சங்கத்தின் விளம்பரத்தைக் கண்டாள். ஆபிரிக்காவில் உள்ள மிஷனரிமாரின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் தேவை. யாரும் போவதில்லை போலும். பலகையில் அந்தக் கடதாசி மஞ்சளாகியிருந்தது. 87-இல் அவள் சாம்பியாவின் வடக்கே ஒரு மிஷன் ஸ்டேஷனில் போய் இறங்கினாள். ஒரு கிளினிக், ஒரு சின்னத் தேவாலயம், இரண்டு வெள்ளைக் குடும்பங்கள், சுற்றிவர ஊர். மழைக்காலத்தில் பாதை அறுந்துவிடும். அப்போது தபாலும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை.

அவள் தன்னைப்பற்றி அதிகம் கதைக்கிறவள் இல்லை. கேட்டால்தான் சொல்வாள், அதையும் முறைப்பாடு மாதிரிச் சொல்வாள். முதல் மாதம் ஊர்ப் பெண்கள் அவள் வீட்டு வாசலில் வரிசையில் நின்றார்களாம். அந்த நாட்டில் இந்திய முகம் என்றால் கடைக்காரர். நாட்டில் சவர்க்காரம் தட்டுப்பாடு. இவள் பெட்டி நிறையச் சவர்க்காரம் ஒளித்து வைத்திருக்கிறாள் என்று ஊர் முழுக்கக் கதை. "நான் ரீச்சர், ரீச்சர் எண்டு கத்திறன். ஒருத்தி சொல்லுறாள், சரி ரீச்சர், உப்பாவது இருக்கோ எண்டு." இதைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பாள்.

சாப்பாடு அவளுக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. சோளமாக் களியும், நெத்தலி மாதிரி ஒரு குளத்து மீன் கருவாடும். கையால் சாப்பாடு. சாப்பிட முன் விருந்தாளியின் கைக்குத் தண்ணீர் வார்ப்பார்கள். பெரியவர்களுக்கு ஒன்றைக் கொடுத்தால் வலக்கையால்தான் கொடுப்பார்கள், இடக்கை வலது முன்கையைத் தொட்டிருக்கும், முழங்கால் நிலத்தைத் தொடும். யாரும் சொல்லித்தராமலே கை விஷயம் அவளுக்கு விளங்கியது. முழங்கால் மட்டும் புதிது. ஒரு கிழமையில் அதையும் பழகிவிட்டாள். பழக ஏலாமல் போனது தனிமைதான். இரண்டு வெள்ளைக் குடும்பமும் அவளைக் கும்பிடத்தகுந்த மரியாதையோடு நடத்தினார்கள், சாப்பிடக் கூப்பிடவில்லை. கருவாடு பொரித்த மணம் வந்தால் யன்னலைச் சாத்தினார்கள். மலேரியா வந்து கிடந்தபோது மருந்து வந்தது, ஆள் வரவில்லை. அழுதாயா என்று பெர்னடெற் ஒருமுறை கேட்டாள். "அழுதால் காய்ச்சல் கூடும்," என்றாள் அக்கா.

பள்ளிக்கூடம் ஒரே அறை. மணிக்குப் பதில் மரத்தில் தொங்கும் லொறிச் சில்லின் இரும்பு வளையம். ஐந்து பிள்ளைகள். அதில் டொக்டர் ஹார்டிங்கின் மகன் டானியல் ஆறு வயதுக்காரன், தங்கை ரூத்துக்கு நாலு. அந்த மிஷனரிமாரிடம் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளைக்கு ஏழு வயதானால் பெட்டியைக் கட்டி இங்கிலாந்தில் போர்டிங்குக்கு அனுப்பிவிடுவார்கள். வருஷத்தில் ஒருமுறை காணலாம். ஸ்டேஷனில் நல்ல ரீச்சர் இருந்தால் பன்னிரண்டு வயதுவரை வைத்திருக்கலாம். அதுதான் அக்காவின் வேலை. பாடம் சொல்லிக்கொடுப்பது இரண்டாவது. பிள்ளையைத் தாயோடு வைத்திருப்பது முதலாவது.

டானியல் இடக்கையன். அக்கா முதல் நாளே அவன் பென்சிலைப் பிடுங்கி வலக்கையில் கொடுத்துவிட்டாள். யோசித்துச் செய்யவில்லை. எங்கள் ஊரில் எந்த ரீச்சருக்கும் கை அப்படித்தான் தானாகப் போகும். பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிடுவது போல. அவன் மாற்றி எடுப்பான், இவள் மாற்றிக் கொடுப்பாள். ஒரு மாதத்தில் அவன் எழுதுவதையே விட்டுவிட்டுச் சட்டைக் கொலரைக் கடிக்கத் தொடங்கினான். மிஸஸ் ஹார்டிங் வந்து மெதுவாகச் சொன்னாள். அக்கா அன்றோடு நிறுத்தினாள். அவனுக்குத் தொலைந்த இரண்டு மாதத்தைச் சனிக்கிழமைகளில் இருந்து ஈடுசெய்தாள். அந்த விஷயம் அங்கேயே முடிந்தது. யாரும் யாருக்கும் எழுதவில்லை.

முறைப்பாடு வந்தது வேறொன்றால்.

பனாசண்டா என்று ஒருத்தி. சண்டாவின் தாய் என்று அர்த்தம். அங்கே தாய்மாரைப் பிள்ளையின் பெயரால் அழைப்பார்கள். ஊர்த் தலைவரின் மனைவி. ஹார்டிங் வீட்டுக்கு முட்டை கொண்டுவருவாள். ஒருநாள் அவள் வாசற்படியில் இருக்க, மிஸஸ் ஹார்டிங் உள்ளேயிருந்து, "டானியல், அவளுக்கு உப்புப் பையைக் கொடு," என்றாள். அவன் விளையாட்டு அவசரத்தில் இடக்கையால் பையை அவள் மடியில் எறிந்துவிட்டு ஓடினான். பனாசண்டா உப்பைப் படியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்று பெய்த மழையில் உப்பு கரைந்துபோனது. அடுத்த புதன்கிழமை குழந்தைகளை நிறுக்கும் கிளினிக்குக்கு ஒரு தாயும் வரவில்லை. அதற்கடுத்த புதனும் வரவில்லை. மழை என்றார் டொக்டர்.

அக்கா டானியலைக் கூட்டிக்கொண்டு, புது உப்புப் பையோடு, பனாசண்டாவின் முற்றத்துக்குப் போனாள். முதலில் இவள் முழங்காலிட்டாள். பக்கத்தில் அவன் முழங்காலிட்டான். வலக்கையால் கொடுத்தான், இடக்கையால் முன்கையைத் தொட்டபடி. பனாசண்டா வாங்கினாள், அங்கத்து வழக்கப்படி நன்றிக்குக் கை தட்டினாள், அவனுக்குக் கை நிறைய ஒரு சிரங்கை நிலக்கடலை கொடுத்தாள். கதை முடிந்தது. அடுத்த புதன் தாய்மார் வந்தார்கள். மழையும் விட்டிருந்தது, எதனால் வந்தார்கள் என்று அடித்துச் சொல்ல ஏலாது என்பாள் அக்கா.

ஆனால் அவர்கள் முழங்காலில் இருந்த நேரத்தில் மிஸஸ் ஹார்டிங் சைக்கிளில் அந்த வழியால் போனாள். இறங்கவில்லை. அந்த வருஷ முடிவில் டானியல் இங்கிலாந்துக்குப் போர்டிங்குக்கு அனுப்பப்பட்டான். விடுமுறைக்கு லண்டன் வந்த அக்காவுக்குச் சங்கத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. பிள்ளையின் இயல்பான கையை மாற்ற முயன்றதாக முறைப்பாடு. விசாரித்த பிறகுதான் இரண்டாம் முறை அனுப்புவதா இல்லையா என்று தீர்மானிப்பார்கள். ரூத்துக்கு இந்தச் செப்டெம்பரில் ஏழு. ரீச்சர் இல்லையென்றால் அவளுக்கும் பெட்டி கட்டுவார்கள். ரூத்தும் இடக்கை.

அதற்காகத்தான் இந்த எழுத்துப் பழக்கம். டானியலுக்கு எழுதிக் காட்டத் தனக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதுதான் அவளை அரித்தது. கையை மாற்றியது பிழை, அதை விட்டாயிற்று. ஆனால் இடக்கையால் எப்படி என்று காட்டத் தெரியாதவள் என்ன ரீச்சர் என்று தன்னையே கேட்டாள்.

விசாரணைக்கு முந்தின ஞாயிறு மத்தியானம் அண்ணை ஒத்திகை வைத்தார். றெஜினோல்ட் அண்ணை கவுன்சிலில் வேலை. கமிற்றி என்றால் என்ன என்று தனக்குத்தான் தெரியும் என்று நினைப்பவர். சாப்பாட்டு மேசையில் தலைவர் மாதிரி இருந்து கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"மிஸ் அருள்மலர், நீங்கள் பிள்ளையின்ரை கையை மாத்தினீங்களோ?"

"ஓம்."

"ஓம் எண்டு சொல்லாதை!" கண்ணாடி விழுந்தது. "அது ஒரு விளக்கக் குறைவு எண்டு சொல்லு. வருத்தப்படுறன் எண்டு சொல்லு. இங்கிலீஸ்காரன் வீட்டுக்கு நெருப்பு வைச்சாலும் விளக்கக் குறைவு எண்டுதான் சொல்லுவான்."

"மாத்தினனான்தானே அண்ணை."

"மாத்தினது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவங்களுக்கு ஏன் தெரியவேணும்?"

"அவங்களுக்கும் தெரியும். அதுக்குத்தானே கூப்பிட்டிருக்கிறாங்கள்."

பெர்னடெற் அடுப்படியிலிருந்து சொன்னாள்: "எங்கடை வேதத்திலை எண்டால் சுவாமியாரிட்டைப் பாவசங்கீர்த்தனம் செய்து அஞ்சு நிமிஷத்திலை முடிச்சிருக்கலாம். உங்களுக்குக் கமிற்றி."

அண்ணை சிரிக்கவில்லை. உண்மையில் அவருக்கு ஒத்திகையில் விருப்பமில்லை. அவள் போகாமல் இருப்பதில்தான் விருப்பம். அடுத்ததாக அதற்கு வந்தார். "இந்தமுறை மூண்டு வருஷம் எண்டு சொல்லுறாய். ரெண்டு வருஷத்துக்கு மேலை வெளியிலை நிண்டால் உன்ரை விசா போச்சு. பிறகு லண்டனும் இல்லை, யாழ்ப்பாணமும் இல்லை. அந்தக் காட்டுக்குள்ளை என்ன செய்வாய்? சட்டன் பக்கம் இருக்கிற செல்வரத்தினம் இன்னும் உன்னைக் கலியாணத்துக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கடை இருக்கு, வீடு இருக்கு."

"பெண்சாதி செத்து ஆறு மாசம். அவருக்குத் தேவை கல்லாவுக்கு ஆள்," என்றாள் அக்கா. "கடைக்காரி எண்டு அங்கை சும்மா சொன்னதை இஞ்சை உண்மையாக்கச் சொல்லுறியளோ?"

"நான் உன்ரை நன்மைக்குச் சொல்லுறன்."

"தெரியும் அண்ணை. ஆனா நான் போறன்."

"அவங்கள் விட்டால்தானே!"

"விடுவாங்கள்."

அதை அவள் சத்தம் போடாமல் சொன்னாள். அண்ணை எழுந்து ரீவியைப் போட்டார். எங்கள் வீட்டில் வாக்குவாதம் முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம்.

விசாரணைக்கு நான்தான் கூடப் போனேன். அண்ணை லீவு எடுக்கவில்லை, கோபம். ஷிப்ட் முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டு அவளோடு விக்டோரியா லைன் ரெயினில் ஏறினேன். அவள் சேலை உடுத்து, மேலே பெர்னடெற்றின் கோட்டைப் போட்டிருந்தாள். வழியெல்லாம் இடக்கை விரல்கள் மடியில் எதையோ எழுதிக்கொண்டிருந்தன.

கிங்ஸ் குரொஸுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டிடத்தின் இரண்டாம் மாடி. சூடு அளவுக்கு மிஞ்சின அறை. சுவரில் ஆபிரிக்கா வரைபடம், அதில் குண்டூசிகள். மேசைக்குப் பின்னால் தலைவர் மிஸ்டர் ஆஷ்வர்த், வயதானவர். பக்கத்தில் செயலாளர் மிஸ் பென்ரோஸ். விடுமுறைக்கு லண்டன் வந்திருந்த மிஸஸ் ஹார்டிங் யன்னலோரம் இருந்தாள். மெலிந்த, வெயில் பட்டுச் சிவந்த பெண். நான் கெட்டவளாக ஒருத்தியை எதிர்பார்த்திருந்தேன். அவள் நித்திரை இல்லாதவள் மாதிரி இருந்தாள். அது எனக்குப் பழக்கமான முகம். அவள் காலடியில் கம்பளத்தில் ரூத் படுத்துக் கலர்ப் பென்சிலால் எதையோ கீறிக்கொண்டிருந்தாள். பிள்ளையை விட்டுவர இடமில்லையாம், மன்னிக்கவேண்டும் என்றாள். நானும் மூலையில் இருக்கலாம் என்றார் தலைவர். எல்லாருக்கும் தேநீர் வந்தது.

"மிஸ் அருள்மலர்," என்று தொடங்கினார் அவர். "டானியலின் கையை மாற்ற முயன்றீர்களா?"

"ஆம்," என்றாள் அக்கா. அண்ணையின் முகம் என் கண்ணில் வந்து போனது. "முதல் இரண்டு மாதம். எங்கள் ஊரில் அப்படித்தான் செய்வார்கள். நான் யோசிக்காமல் செய்தேன். பிள்ளைக்கு அது கெடுதல் செய்தது. மிஸஸ் ஹார்டிங் சொன்ன அன்றே நிறுத்தினேன்."

"மறுபடி செய்ய மாட்டீர்கள் என்பதற்கு என்ன உறுதி?"

அக்கா கைப்பையைத் திறந்தாள். கொப்பியை எடுத்து மேசையில் வைத்தாள், மேல்மூலையை வலப்பக்கம் சரித்து. பென்சிலை இடக்கையில் பிடித்து ரூத்தின் பெயரை எழுதினாள். அழகாக இருக்கவில்லை. ஆனால் வாசிக்கலாம். "இப்படித்தான் ரூத்துக்குக் காட்டப் போகிறேன். முன்பு எனக்குக் காட்டத் தெரியாது."

மிஸ்டர் ஆஷ்வர்த் அந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். "எனக்கும் இடக்கைதான்," என்றார். "பள்ளிக்கூடத்தில் அதை நாற்காலியோடு சேர்த்துக் கட்டினார்கள். இங்கேதான், கென்ற்றில்." மிஸ் பென்ரோஸ் தேநீரைக் கலக்கினாள். "நல்லது. என்னைப் பொறுத்தவரை இது முடிந்த விஷயம். மிஸஸ் ஹார்டிங்?"

மிஸஸ் ஹார்டிங் தலைவர் முன்னாலிருந்த முறைப்பாட்டுக் கடதாசியைப் பார்த்தாள். கை விஷயம் முடிந்துவிட்டது, அவளிடம் வேறு குற்றச்சாட்டு எழுத்தில் இல்லை. அப்படியே விட்டிருந்தால் நாங்கள் பத்து நிமிடத்தில் வெளியே வந்திருப்போம். அக்காவும் கொப்பியை மூடிவிட்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அப்போது ரூத் எழுந்தாள். கீறி முடித்துவிட்டாள். படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக அக்காவிடம் வந்தாள். வந்து, ஒரு முழங்காலை மடித்துக் கம்பளத்தில் ஊன்றி, வலக்கையால் படத்தை நீட்டினாள். இடக்கை முன்கையைத் தொட்டிருந்தது. ஒரு விளையாட்டும் இல்லை, நடிப்பும் இல்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கோயிலுக்குள் போகும்போது செருப்பைக் கழற்றுவது போல.

"ரூத்! எழும்பு!" என்று தாய் கத்தினாள்.

அறையே திடுக்கிட்டது. பிள்ளை எழும்பவில்லை, யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் அப்படியே இருந்தாள். அக்கா படத்தை வலக்கையால் வாங்கி, நன்றி சொல்லி, அவளைத் தூக்கி நிறுத்தினாள்.

"இது என்ன?" என்றார் தலைவர்.

"இதுதான் விஷயம்," என்றாள் அக்கா. "கை இல்லை."

நான் மூலையிலிருந்து கண்ணைக் காட்டினேன். விடு, போதும், வென்றாயிற்று என்று. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. உப்புப் பையிலிருந்து முற்றம் வரை முழுவதையும் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை, எதையும் விடவும் இல்லை. டானியலை முழங்காலிட வைத்தது தான்தான் என்றும் சொன்னாள்.

மிஸஸ் ஹார்டிங்கின் கழுத்து சிவந்தது. "என் பிள்ளைகள் கடவுளுக்கு முன்னால் மட்டும்தான் முழங்காலிடுவார்கள். அதை நான் ஒரு விதியாக வைத்திருக்கிறேன். ஒரு மனிதருக்கும் இல்லை."

"அங்கே அது வழிபாடு இல்லை, மிஸஸ் ஹார்டிங். மரியாதை. உங்கள் ஆண்கள் தொப்பியைக் கழற்றுவதைப் போல."

"அவனுக்கு அப்போது ஆறு வயது. எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்."

"சண்டாவுக்குப் பத்து வயது. தாய்க்கு ஏலாத நாட்களில் அவன்தான் உங்கள் வாசலுக்கு முட்டை கொண்டு வருவான். ஒவ்வொரு முறையும் உங்களுக்கு முழங்காலிட்டுத்தான் தந்தான். அதை யாரும் பார்க்கவில்லையா?"

மிஸஸ் ஹார்டிங் யன்னலுக்கு வெளியே பார்த்தாள். அவள் அதை ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நினைத்துப் பார்க்க வைத்ததற்காக அக்காவை மன்னிக்கப் போவதில்லை என்பதும் தெரிந்தது.

தலைவர் தொண்டையைச் செருமினார். "பெற்றோரின் விருப்பத்துக்கு நாங்கள் மதிப்புக் கொடுக்க வேண்டும். மிஸ் அருள்மலர், பிள்ளைகளுக்கு வகுப்புப் பாடத்தை மட்டும் சொல்லிக்கொடுப்பதாக எங்களுக்கு ஓர் உறுதி தருவீர்களா? உள்ளூர்ப் பழக்கங்கள் வேண்டாம். அப்படியென்றால் ஏப்ரலில் போகலாம்."

இவ்வளவுதான் கேட்டார்கள். ஓம் என்று ஒரு சொல். அண்ணையாக இருந்தால் இரண்டு தரம் சொல்லியிருப்பார். நானும் சொல்லியிருப்பேன், அங்கே காட்டுக்குள் யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?

"ஏலாது," என்றாள் அக்கா. தமிழில்தான் வந்தது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள். "முடியாது. அந்தப் பிள்ளைகள் அந்த ஊரில் வாழ்கிறார்கள். அந்த ஊர்க்காரரின் முட்டையைச் சாப்பிடுகிறார்கள். எந்தக் கையால் எழுத வருகிறதோ அந்தக் கையால் எழுதட்டும். கொடுக்கும்போது வலக்கையால் கொடுக்க வேண்டும். பெரியவர்களுக்குக் கொடுக்கும்போது அங்கே பிள்ளைகள் எப்படிக் கொடுக்கிறார்களோ அப்படி. நானும் அப்படித்தான் கொடுப்பேன். இது சரிவராது என்றால் வேறு ரீச்சரை அனுப்புங்கள்."

தலைவர் மிஸ் பென்ரோஸைப் பார்த்தார். மிஸ் பென்ரோஸ் மெதுவாகத் தலையை ஆட்டினாள், வேறு ஆள் இல்லை என்று. விளம்பரப் பலகையில் மஞ்சளாகிய அந்தக் கடதாசி எனக்கு ஞாபகம் வந்தது. அக்காவுக்கு அது முதலே ஞாபகம் இருந்திருக்கும். அவள் கணக்குப் பார்க்காமல் நடப்பவள் இல்லை.

ரூத் தாயின் மடியில் ஏறிக்கொண்டாள். மிஸஸ் ஹார்டிங்கின் கை தானாகவே அவள் தலைமயிரைக் கோதியது. கோதிக்கொண்டே இருந்தது. டானியல் போனபோது எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

"செப்டெம்பரில் இவளுக்கு ஏழு," என்றாள் கடைசியில், யாருக்கும் இல்லாமல். பிறகு அக்காவைப் பார்த்தாள். "நான் இல்லாத இடத்தில் வேண்டுமானால் செய்யட்டும். என் வீட்டு வாசலில் வேண்டாம்."

நான் மூச்சை விட்டேன். அது போதும், யாருக்கும் போதும்.

"பிள்ளைக்கு இரண்டு விதி வைக்கக் கூடாது," என்றாள் அக்கா. "ஒளித்துச் செய்தால் அது வெட்கப்படுகிற வேலை என்று நினைப்பாள்."

"என்னையும் முழங்காலிடச் சொல்வாயா?"

"நீங்கள் என் வகுப்பில் இல்லை, மிஸஸ் ஹார்டிங்."

மிஸ் பென்ரோஸ் சிரிப்பை இருமலாக மாற்றினாள். மிஸஸ் ஹார்டிங் சிரிக்கவில்லை. அவள் மனம் மாறியது, உண்மையை உணர்ந்தாள் என்றெல்லாம் நான் எழுத முடியாது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவள் ஒரு பிள்ளையை அனுப்பிவிட்டாள், இன்னொன்றை அனுப்ப அவளால் ஏலாது. பிள்ளையை இறுக்கிப் பிடித்தாள். "சரி," என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன சரி. அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. யாருடைய மனதையும் மாற்ற அவள் அங்கே போகவில்லை.

தலைவர் எழும்பக் கையை மேசையில் ஊன்றினார்.

"இன்னுமொன்று," என்றாள் அக்கா. "மூன்று வருஷம் தொடர்ந்து வெளியே நின்றால் இங்கே என் விசா போய்விடும். இரண்டு வருஷம் முடிய முன் லண்டன் வந்து போக ஒரு ரிக்கற் வேண்டும்."

அவர் மறுபடி கதிரையில் இருந்தார். அவளைப் பார்த்த பார்வையில் கோபமா, மரியாதையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "குறித்துக்கொள்ளுங்கள், மிஸ் பென்ரோஸ்," என்றார். இடக்கை அவரையறியாமல் மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

வெளியே மழை தூறியது. ஸ்டேஷன் பக்கம் நடந்தோம். எனக்கு நித்திரை கலைந்துவிட்டது, கோபமும் வந்தது.

"கை விஷயத்தோடை முடிஞ்சிருக்கும். ஏன் அக்கா மற்றதையும் இழுத்தனீங்கள்?"

"பிள்ளை முழங்காலிலை நிண்டவள்," என்றாள். "ஏதோ பிழை செய்தவள் மாதிரிப் பாத்துக்கொண்டு நிண்டவள். நான் பேசாமல் இருந்தால் அவள் பிழை செய்ததாப் போயிடும்."

"அவங்கள் மாட்டன் எண்டிருந்தால்?"

"மாட்டன் எண்டிருந்தால் அங்கை இருக்கிற திருச்சபைக்கு நானே எழுதியிருப்பன். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் ரீச்சர் இல்லை. சம்பளம் சோளமாவிலை தருவாங்களோ தெரியாது." கொஞ்சம் நடந்த பிறகு, "ரூத் போயிருப்பாள். அதுதான் பயமா இருந்தது," என்றாள். பயம் என்ற சொல்லை அவள் வாயில் நான் அதற்கு முன் கேட்டதில்லை.

வீட்டுக்கு நேரே வரவில்லை. இடக்கைக்காரர் வெட்டும் கத்தரிக்கோல் வேண்டும் என்றாள். எங்கே விற்பார்கள் என்று எனக்குத் தெரியாது. மூன்று கடை ஏறி இறங்கினோம். நாலாவது கடையில் கிடைத்தது. அங்கேயே ஒரு கடதாசியை வாங்கி இடக்கையால் வெட்டிப் பார்த்தாள். கோணல்மாணலாக வெட்டியது. கடைக்காரன் சிரித்தான். "இரண்டு தாருங்கள்," என்றாள். "ஒன்று நான் பழக."

பின்னேரம் அண்ணை வேலையால் வந்தார். கோட்டைக் கழற்ற முன் கேட்டார்.

"கையை மாத்தினீங்களோ எண்டு கேட்டவங்களோ?"

"கேட்டவங்கள்."

"என்ன சொன்னாய்?"

"ஓம் எண்டு சொன்னன்."

அண்ணை என்னைப் பார்த்தார். நான் ஏப்ரல் என்றேன். அவர் கோட்டைத் தொங்கவிட்டார். வரும்வழியில் ரெயின் பிந்தினது பற்றியோ காலநிலை பற்றியோ ஏதோ முணுமுணுத்தார். ரீவியைப் போடவில்லை. மேசைக்கு வந்து இருந்து, "அந்தப் பக்கத்து மழைக்குச் சப்பாத்து என்ன மாதிரி?" என்று கேட்டார்.

"மச்சாள், மிளகாய்த்தூள் எவ்வளவு கட்ட?" என்றாள் பெர்னடெற். "அந்த வெள்ளைக்காரி யன்னலைச் சாத்தினவளல்லோ. அவளுக்கும் சேர்த்துக் கட்டுறன்."

"ரெண்டு பை கட்டு," என்றாள் அக்கா. மேசையில் கடதாசித் துண்டுகள் குவிந்து கிடந்தன. அவள் அடுத்ததை எடுத்து, இடக்கைக் கத்தரிக்கோலை நேராகப் பிடித்து, பென்சிலால் கீறின கோட்டின் மேலேயே வெட்டப் பார்த்தாள்.